கற்பனை உயிரினங்களை வரையக் கற்பது எப்படி? எலும்பிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இதுவரை யாரும் காணாத ஒரு விலங்கை வரைய வேண்டும் என்று வெற்றுத்தாளின் முன் அமர்பவர்களில் பலர், அந்த விலங்கு மனத்தில் முழுதாக வந்து நிற்கும்வரை காத்திருக்கிறார்கள். அது அப்படி வருவதில்லை. எங்கோ பார்த்த படத்தின் மங்கலான நினைவுதான் வருகிறது. அதை வரைந்து பார்த்துவிட்டு, தமக்குக் கற்பனை வளம் போதாது என்ற முடிவோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். பல ஆண்டுகளாக இத்தகைய உயிரினங்களை வரைந்து பழகியதில் நான் உறுதியாக நம்புவது ஒன்று: கற்பனை வறண்டிருப்பதாகத் தோன்றும்போதெல்லாம் உண்மையில் வறண்டிருப்பது விலங்குகளைப் பற்றிய நெருக்கமான அறிவுதான்.

லியோனார்டோ டா வின்சி தம் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். கற்பனை விலங்கு இயற்கையானதாகத் தோன்ற வேண்டுமானால் அதன் ஒவ்வோர் உறுப்பும் ஏதேனும் ஓர் உண்மையான விலங்கின் உறுப்பை ஒத்திருக்க வேண்டும் என்கிறார். ஒரு டிராகனுக்கு வேட்டைநாயின் தலை, பூனையின் கண்கள், முள்ளம்பன்றியின் காதுகள், சிங்கத்தின் புருவம், நீராமையின் கழுத்து என்று எடுத்துக்காட்டும் தருகிறார். பழைய கற்பனை விலங்குகளில் பெரும்பாலானவை இவ்வாறு உருவானவையே. சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்ட யாளி, கழுகின் முன்பாதியும் சிங்கத்தின் பின்பாதியும் சேர்ந்த கிரிஃபின், மானின் கொம்பும் கெண்டைமீனின் செதிலும் கழுகின் நகமும் கொண்ட சீன டிராகன் ஆகிய மூன்றுமே தெரிந்த உறுப்புகளால் ஆன தெரியாத விலங்குகள்.

ஆனால் உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எளிய பகுதி. அதே உறுப்புகளைக் கொண்டு இருவர் வரைந்தால் ஒன்று மூச்சுவிடும், மற்றொன்று கத்தரித்து ஒட்டிய காகிதம்போல் கிடக்கும். வேறுபாடு முழுவதும் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்போடு சேரும் இடத்தில், அதாவது பொருத்தில், இருக்கிறது. இந்த வழிகாட்டியின் படிகள் அனைத்தும் அந்தப் பொருத்தைச் சரியாக வரைவதற்கான ஆயத்தம் என்றே கொள்ளலாம்.

தேவையான பொருட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஹெச்பி பென்சில், கருமையான கோடுகளுக்கு ஒரு 4பி பென்சில், அழிப்பான், கோடு போடாத நோட்டுப் புத்தகம், ஓவியத்தின்மேல் வைத்துத் திருத்தி வரைவதற்குச் சில ஒளி ஊடுருவும் தாள்கள் ஆகியவை போதும். டிஜிட்டல் பலகையில் வரைபவர்கள் அந்தத் தாள்களுக்குப் பதிலாக லேயர்களைப் பயன்படுத்தலாம். மற்ற அனைத்தும் ஒன்றே.

முதல் படி: உண்மையான விலங்குகளை உற்றுப்பார்த்தல்

முதல் சில வாரங்களுக்குக் கற்பனை விலங்கு எதையும் வரையாதீர்கள். நாய், பூனை, மாடு, காகம், பல்லி என்று கண்ணில் படும் உயிர்களை மட்டும் வரையுங்கள். அழகாக வரைய வேண்டும் என்பது நோக்கமில்லை. கால் எங்கே மடங்குகிறது, உடலின் எடை எந்தக் கால்மேல் விழுகிறது, தோல் எந்த இடத்தில் இறுகி எந்த இடத்தில் தளர்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடினால் போதும்.

இவற்றில் முதலாவது கேள்வியே பலரைத் தடுமாற வைப்பது. நாயின் பின்னங்காலில் பின்புறமாக மடங்கும் மூட்டைப் பார்த்து, அதன் முழங்கால் நமக்கு எதிர்ப்புறம் மடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது நாயின் குதிகால். அதன் முழங்கால் இன்னும் மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கி மடங்குகிறது. நாயும் பூனையும் விரல்களால் நடக்கின்றன. குதிரை ஒரே ஒரு விரலின் நுனியில், அதாவது குளம்பில், நிற்கிறது. கரடியும் மனிதனும் பாதம் முழுவதையும் தரையில் பதிக்கிறார்கள். எழுந்து நின்று குதிகாலை உயர்த்தி முழங்காலைச் சற்று மடக்கிப் பாருங்கள். நாயின் பின்னங்கால் உங்கள் காலிலேயே தெரியும். ஒட்டகச்சிவிங்கியின் நெடிய கழுத்தில் இருப்பவையும் நம் கழுத்தில் இருக்கும் அதே 7 எலும்புகள்தான். ஒவ்வொன்றும் நீண்டிருக்கிறது, அவ்வளவே. பாலூட்டி, பறவை, ஊர்வன அனைத்தின் உடலும் ஒரே அமைப்பு நீண்டும் குறுகியும் உருமாறியதுதான் என்பது ஒருமுறை விளங்கிவிட்டால், இல்லாத ஒரு விலங்கின் எலும்பையும் ஊகித்து வரையும் துணிவு வந்துவிடும்.

இந்த அறிவின் ஆற்றலைக் காட்டும் ஓவியம் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரரின் காண்டாமிருகம். 1515-ஆம் ஆண்டில் லிஸ்பன் நகருக்கு வந்திறங்கிய காண்டாமிருகத்தை அவர் நேரில் பார்த்ததில்லை. பிறர் அனுப்பிய விவரிப்பையும் ஒரு கோட்டோவியத்தையும் கொண்டே மரச்செதுக்குப் படத்தை உருவாக்கினார். உடல் முழுவதும் கவசத் தகடுகள், கால்களில் செதில்கள், முதுகின் முன்புறத்தில் இல்லாத ஒரு சிறு கொம்பு என்று அதில் பிழைகள் பல. ஆயினும் ஐரோப்பியர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதையே காண்டாமிருகத்தின் உருவமாக ஏற்றுக்கொண்டிருந்தார்கள். தாழ்ந்த தலையின் கனமும், தகடுகளின் விளிம்பில் தோல் மடியும் விதமும், தரையில் ஊன்றிய கால்களின் உறுதியும் பார்ப்பவரை நம்ப வைத்துவிடுகின்றன. நாம் தேடுவதும் அந்த நம்பகத்தன்மையைத்தான்.

இரண்டாம் படி: அது எப்படி வாழ்கிறது என்று கேட்டல்

வடிவத்துக்கு முன் வாழ்க்கையை முடிவு செய்யுங்கள். எங்கே வசிக்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது, பகலில் உலவுகிறதா இரவிலா என்ற கேள்விகளுக்கு இரண்டு மூன்று வரிகளில் விடை எழுதிவிட்டால், பாதி உருவம் தானாகவே அமைந்துவிடும். வேட்டையாடும் விலங்குகளுக்குப் பெரும்பாலும் கண்கள் முன்னோக்கி இருக்கும், தொலைவைக் கணிப்பதற்காக. வேட்டையாடப்படும் மானுக்கும் முயலுக்கும் அவை பக்கவாட்டில் இருக்கும், சுற்றிலும் கவனிப்பதற்காக. ஆட்டின் கண்மணி கிடைக்கோடு. பூனையின் கண்மணி வெளிச்சத்தில் சுருங்கும்போது நெடுக்குக்கோடு. புல் மேயும் விலங்குக்குக் கோரைப்பற்களை வரைந்து பயமுறுத்துவது எளிது. ஆனால் அரைத்துத் தின்பதற்குரிய ஆழமான தாடை இல்லாவிட்டால் அந்த முகம் பொய்யாகிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு இறுதிவரை தொடர்வோம். நாணல் அடர்ந்த ஏரிக்கரையில் இரவில் மீன் பிடித்து வாழும் ஒரு விலங்கு. அது இரையைத் துரத்துவதில்லை. அசையாமல் காத்திருந்து சட்டெனக் கொத்துகிறது. காத்திருப்பது என்றதும் கொக்கின் கழுத்து நினைவுக்கு வருகிறது. வழுக்கும் மீனைக் கவ்வுவதற்கு, கேரியல் முதலையினுடையதைப் போன்ற ஒல்லியான, ஊசிப்பற்கள் நிறைந்த தாடை. அந்தக் குறுகிய வடிவம் நீரின் தடையை மீறி விரைவாகத் திரும்பக்கூடியது. நாணலுக்கிடையே தாழ்ந்து மறைவதற்கு உடும்பின் உடல். சேற்றில் புதையாமல் நடப்பதற்கு, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழியின் நீண்டு விரிந்த விரல்கள். இரவு வாழ்க்கைக்குப் பெரிய கண்கள். இங்கே எந்த உறுப்பும் அலங்காரத்துக்காக வரவில்லை என்பதைக் கவனியுங்கள். காரணம் சொல்ல முடியாத கொம்பையும் முள்ளையும் சேர்க்க ஆசை எழும். இந்தக் கட்டத்தில் அந்த ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாம் படி: நிழலுருக்கள்

இப்போது தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் இருபது சிறு உருவங்களை வரையுங்கள். உள்விவரம் எதுவும் வேண்டாம். உருவத்தை முழுவதும் கருப்பாக நிரப்பிவிடுங்கள். கழுத்து நீண்டது, குறுகியது, வால் தடித்தது, மெலிந்தது, உடல் நிமிர்ந்தது, படுத்தது என்று ஒவ்வொன்றிலும் ஏதேனும் ஓர் அளவை மாற்றுங்கள். முதல் ஐந்தாறு உருவங்கள் பார்த்துப் பழகியவையாகவே இருக்கும்; பத்தாவதுக்குப் பிறகுதான் எதிர்பாராதவை வரத் தொடங்கும். எனவே எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள். முடித்தபின் நோட்டுப் புத்தகத்தைக் கைநீளத்தில் பிடித்துப் பாருங்கள். கருநிழலாக இருக்கும்போதே எது தன் குணத்தைக் காட்டுகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

நான்காம் படி: ஒரே கோடு, மூன்று திரள்கள்

தேர்ந்தெடுத்த உருவத்தைப் பெரிதாக வரையும்போது, தலையின் பின்புறத்திலிருந்து வால்நுனிவரை தடையின்றி ஓடும் ஒரே கோட்டுடன் தொடங்குங்கள். அது முதுகெலும்பு. எத்தனை விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்தாலும் முதுகெலும்பு ஒன்றுதான். அந்தக் கோடு எங்கேனும் உடைந்தால் விலங்கும் அங்கே உடைந்துவிடும். நம் ஏரிக்கரை விலங்குக்கு இந்தக் கோடு கழுத்தில் எஸ் வடிவமாக வளைந்து, முதுகில் ஏறக்குறைய நேராகி, வாலில் தரையை நோக்கித் தளர்ந்து இறங்கும்.

அந்தக் கோட்டின்மேல் தலை, விலாக்கூடு, இடுப்பு என்ற மூன்று திரள்களை முட்டை வடிவங்களாக அமைத்து, பின்னர் கால்களைக் குச்சிகளாக மூட்டுகளுடன் குறியுங்கள். உடும்பின் மேற்கை எலும்பும் தொடை எலும்பும் பக்கவாட்டில் நீண்டு பிறகு கீழிறங்குகின்றன. நாயின் கால்களைப்போல உடலுக்கு நேர் கீழே நிற்பதில்லை. இதை எலும்பு நிலையிலேயே முடிவு செய்யாவிட்டால், பிற்பாடு எவ்வளவு செதில் வரைந்தாலும் அது செதில் போர்த்திய நாயாகவே தோன்றும்.

ஐந்தாம் படி: பொருத்து

கொக்கின் கழுத்தை உடும்பின் தோளில் அப்படியே வைத்தால், பானையில் செருகிய குச்சிபோல் இருக்கும். நான் இந்த விலங்கை முதன்முறை வரைந்தபோது கழுத்தையும் உடலையும் தனித்தனியே நன்றாக வரைந்துவிட்டு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறிய பிடரிமயிரைப் போட்டு மூடினேன். மறைத்த இடமே கண்ணை முதலில் இழுத்தது. அதன்பின் ஒளி ஊடுருவும் தாளை வைத்து அந்தப் பகுதியை மட்டும் ஏழெட்டு முறை திரும்ப வரைந்ததில் கிடைத்த முறை இதுதான்.

கழுத்தின் கீழ்ப்பகுதியில், ஏறத்தாழ கடைசி மூன்றில் ஒரு பங்கிலிருந்தே அதைப் படிப்படியாகத் தடிக்கச் செய்யுங்கள். கழுத்தின் மேல்கோடு தோள்களுக்கு நடுவே இறங்கி முதுகுக்கோடாகத் தொடரட்டும்; கீழ்க்கோடு தோளில் முட்டி நிற்காமல் மார்புக்குள் ஓடி மறையட்டும். கழுத்தைத் தூக்கிப் பிடிக்கும் தசைநார் ஒன்று மண்டையோட்டின் பின்புறத்திலிருந்து தோள்பட்டை எலும்புவரை வருவதாக எண்ணி, அதன் விளிம்பை மிக மெல்லிய கோட்டால் காட்டுங்கள். எஸ் வளைவின் உட்புறத்தில் தோல் மடிப்புகள் இரண்டு மூன்று. வெளிப்புறத்தில் மடிப்பே இல்லாத இறுக்கம். இவற்றைச் செய்தபின் அளவுகளும் மாற வேண்டியிருக்கும். கொக்கின் தலை எடையற்றது. நம் விலங்குக்கு முதலைத் தாடையும் ஊசிப்பற்களும் இருப்பதால் கழுத்தைச் சற்றுக் குறைத்து, அதன் எடைக்கு ஈடாக வாலைத் தடிக்கச் செய்ய வேண்டும். ஒரு பொருத்தைச் சரிசெய்தால் உடல் முழுவதும் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். விலங்கு நமக்கே புதிதாகத் தெரியத் தொடங்குவது அந்தத் தருணத்தில்தான், வரைவதில் எனக்கு மிகவும் பிடித்த நேரமும் அதுவே.

சிறகுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கற்பனை ஓவியங்களில் அதிகம் பிழையாவது சிறகுதான். சிறகு என்பது கை. வலது கையால் உங்கள் இடது தோள்பட்டை எலும்பைத் தொட்டுக்கொண்டு இடது கையை மெல்ல உயர்த்திப் பாருங்கள். அந்த எலும்பு முதுகின்மேல் நழுவி நகர்வதை உணரலாம். முதுகின் நடுவில் ஆணியடித்ததுபோல் வரையப்படும் சிறகுக்கு இந்த நகர்வு கிடையாது. அதனால்தான் அது பறக்காது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பறவையின் சிறகில் மேற்கையும் முன்கையும் சுருங்கிய விரல்களும் உள்ளன. நீண்ட வெளியிறகுகள் விரல் பகுதியிலிருந்தும், அடுத்த வரிசை இறகுகள் முன்கையிலிருந்தும் கிளம்புகின்றன. வௌவாலின் சவ்வை நான்கு நீண்ட விரல்கள் தாங்க, கட்டைவிரல் மட்டும் நகத்துடன் தனித்து நிற்கிறது. அழிந்துபோன பறக்கும் ஊர்வனவான டெரோசார்களின் சிறகையோ நான்காம் விரல் ஒன்றே தாங்கியது. இம்மூன்றில் எதை எடுக்கிறீர்கள் என்று முடிவு செய்துகொண்டு அதன் எலும்புகளை முதலில் வரையுங்கள்.

நான்கு கால்களோடு சிறகுகளும் கொண்ட டிராகன், சிறகுக் குதிரை போன்றவற்றுக்கு ஆறு உறுப்புகள். எனவே இரண்டு இணைத் தோள்கள் தேவை. சிறகின் தோளை முன்னங்காலின் தோளுக்குச் சற்றுப் பின்னாலும் மேலாகவும் அமைத்து, விலாக்கூட்டை நீட்டி, மார்பை ஆழமாக்குங்கள். பறவையின் பறக்கும் தசைகள் முதுகில் இல்லை, மார்பெலும்பின் நடுவே நிற்கும் கத்தி போன்ற விளிம்பைப் பற்றியிருக்கின்றன. அந்தத் தசைக்கு இடமில்லாத ஒட்டிய மார்புடைய டிராகன், சிறகு எவ்வளவு அழகாக இருந்தாலும், எழுந்து பறப்பதாகத் தோன்றாது.

ஆறாம் படி: அளவும் எடையும்

ஒரு விலங்கை எல்லாத் திசையிலும் இருமடங்கு பெரிதாக்கினால் அதன் எடை எட்டு மடங்காகிறது. எடையைத் தாங்கும் எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதைப் பெரிய, சிறிய எலும்புகளின் படத்தோடு விளக்கியிருக்கிறார். ஓவியருக்கு இதன் பயன் நேரடியானது: மானை அப்படியே பெரிதாக்கி மலையளவு விலங்கை உருவாக்க முடியாது. யானையின் கால்களைப்போல அவை தூண்களாக நேராக நிற்க வேண்டும், பாதம் அகல வேண்டும், அசைவு மெதுவாக வேண்டும். உயிருடன் இருக்கும் பறவைகளில் மிக நீண்ட சிறகுவிரிப்பு கொண்டது அலையும் ஆல்பட்ராஸ்; சுமார் 3.5 மீட்டர். எடையோ பெரும்பாலும் 12 கிலோவுக்குள். குதிரையின் எடையை எண்ணிப் பார்த்தால், சிறகுக் குதிரைக்கு வழக்கமாக வரையும் சிறகு எவ்வளவு சிறியது என்பது விளங்கும். கணக்குப்படி வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் துணிந்து, தாளின் விளிம்பைத் தொடுமளவு பெரிதாக வரைந்து பாருங்கள்.

அளவைக் காட்ட எளிய வழி, பக்கத்தில் தெரிந்த பொருள் ஒன்றை வைப்பது. நம் விலங்கின் காலருகே ஒரு தவளை இருந்தால் அதன் உயரம் உடனே புரிந்துவிடும்.

ஏழாம் படி: தோல், ஒளி, கண்

செதிலும் மயிரும் இறகும் உடலின்மேல் ஒரு திசையில் படிந்திருப்பவை. பெரும்பாலும் தலையிலிருந்து வாலை நோக்கி, கால்களில் கீழ்நோக்கி. வரையுமுன் அத்திசையைச் சிறு அம்புக்குறிகளால் உடல் முழுவதும் குறித்துக்கொள்ளுங்கள். மூட்டுகளில் செதில்கள் சிறுத்து நெருங்கும்; முதுகில் பெரிதாகும். கழுத்தின் இறகு உடலின் செதிலாக மாறுமிடத்தில் எல்லைக்கோடு போடாதீர்கள். இறகுகள் குறுகி, இடையிடையே செதில் எட்டிப்பார்த்து, இரண்டும் ஓர் அகலமான பகுதியில் கலக்கட்டும். தோலிலும் இது பொருத்துதான்.

எல்லாச் செதிலையும் வரைந்தால் உடலின் உருட்சி மறைந்துவிடும். ஒளி நிழலாக மாறும் விளிம்பில் மட்டும் தெளிவாக வரைந்து, ஒளி படும் இடத்தையும் ஆழ்ந்த நிழலையும் ஏறக்குறைய வெறுமையாக விடுங்கள். மீதியைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும். நிறம் தீட்டுபவர்கள், பல விலங்குகளுக்கு முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பதை நினைவில் கொள்ளலாம்.

கண்ணை முதலில் வரைய வேண்டாம். அது குழிக்குள் அமர்ந்த உருண்டை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழுந்தால்தான் ஈரமாகத் தோன்றும். ஒளிப்புள்ளியைக் கண்மணியின் ஓரத்தில் ஒன்றே ஒன்று வைத்து, உடலில் ஒளி வரும் திசையோடு அது ஒத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓவியம் முடிந்ததாகத் தோன்றும்போது அதைக் கண்ணாடிக்கு எதிரே பிடியுங்கள். பழகிய கண்ணுக்குத் தப்பிய சாய்வுகள் அங்கே தெரிந்துவிடும், அவற்றைத் திருத்துங்கள். மறுநாள், முதல் ஓவியத்தைப் பார்க்காமல், அதே விலங்கு தூங்குவதையும் நீர் குடிப்பதையும் வரையுங்கள். தூங்கும்போது அந்த நீண்ட கழுத்தை எங்கே வைத்துக்கொள்ளும் என்று தெரியவில்லையென்றால் ஐந்தாம் படிக்குத் திரும்ப வேண்டும். அதன்பின் குட்டியை வரையுங்கள்: தலையும் கண்களும் உடலுக்கு மிஞ்சிப் பெரிதாக, தாடை இன்னும் நீளாமல், கழுத்து தன் பாரத்தைத் தாங்கத் தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்து, விரல்கள் மட்டும் ஏற்கெனவே சேற்றில் விரிந்தபடி.